தலையணை மேல் மூன்று பவுண்டு

ஹோட்டலில் தங்குகிறவர்கள் அறையைக் காலி செய்யும்போது விட்டுப்போகும் பொருள்களில் படுமோசமானது டுரியான் பழக் கொட்டை. அதற்கு அடுத்தது அவரவர் நாட்டுச் சில்லறைக் காசு. டுரியான் வாடையாவது நாலு நாளில் போய்விடும். சில்லறை எங்கேயும் போகாது. பணம் மாற்றும் கடையில் நோட்டை மட்டும்தான் எடுப்பார்கள். மலாக்கா டவுனில் நான் போகும் கடைக்கார பாய் என் பை குலுங்கும் சத்தம் கேட்டதுமே கையை ஆட்டிவிடுவார்.

"அக்கா, காசெல்லாம் எடுக்கிறதில்ல-லா. நோட்டு இருந்தா கொண்டாங்க. இல்லாட்டி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

பத்தொன்பது வருஷமாக நான் மலாக்காவில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறேன். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து தெங்கேராவில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் ஹோட்டலில் ஒரு சட்டம் உண்டு. மேசை மேல் கிடக்கும் பணம் விருந்தாளியுடையது, தொட்டால் வேலை போய்விடும். தலையணை மேல் இருந்தால் அது நமக்கு. ஆகவே கதவைத் திறந்ததும் என் கண் முதலில் போவது தலையணைக்குத்தான்.

நோட்டு வைத்தவருக்குப் புதுத் துண்டு, கூடவே ரெண்டு காப்பிப் பாக்கெட். செல்லாத சில்லறையைக் கொட்டிவிட்டுத் தர்மப் பிரபு மாதிரி சிரிப்பவருக்கு, வெளுத்து வெளுத்துக் கருவாடாக விறைத்துப்போன துண்டு. முதுகு துடைக்கும்போது என்னை நினைக்கட்டும். இதை மாதாகோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட நான் சொன்னது கிடையாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். பல்லே இல்லாத மாட்டை எதற்கு ஐயா தானம் கொடுக்கிறீர்கள்?

இருந்தாலும் காசைத் தூக்கிப்போட மனம் வராது. ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் அதை எடைக்குப் போடச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

போன வருஷம் மகள் என்னை லண்டனுக்கு அழைத்தாள். அங்கே நர்ஸாக இருக்கிறாள். இன்னும் இரண்டு பெண்களோடு ஒரே அறையில் இருப்பதால், பக்கத்திலேயே எனக்கு ஒரு ஹோட்டலில் ஏழு நாளைக்கு இடம் போட்டிருந்தாள். சேதி கேட்டதும் நான் செய்த முதல் வேலை டின்னைத் திறந்ததுதான். ராணி தலை போட்ட காசில் ஆஸ்திரேலியாக்காரனுடையதும் கலந்து கிடக்கும். அதையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுக்கித் தள்ளினேன். அவ்வளவு கவனம்! அசல் ஒரு பவுண்டுக் காசு இருபதுக்கு மேல் தேறியது. அவர்கள் ஊர்க் காசு, அவர்கள் ஊரிலேயே டிப்ஸாகப் போகட்டும் என்று முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு லண்டன் பாலம் பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. ஆயுளில் ஒரு தடவை தலையணை மேல் காசு வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போகும் துரைசாணியாக இருந்து பார்க்க வேண்டும். அந்த ஒரு ஆசைதான் எனக்கு.

மகள் முன்கூட்டியே பாடம் நடத்தினாள். "அம்மா, இங்க கட்டாயம்லாம் இல்ல. பார்ல ஜூஸ் வாங்கினா யாரும் டிப்ஸ் குடுக்க மாட்டாங்க. ரூம் கூட்டுறவங்களுக்கு வேணும்னா ஒண்ணு ரெண்டு வைங்க, போதும்."

ஒன்று ரெண்டா? நான் மூன்று வைத்தேன். முதல் நாள் காலையில் எழுந்ததும் கை தானாகப் படுக்கையைச் சரி செய்யப் போனது. அதை அடக்குவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. கலைந்த படுக்கை கலைந்தபடியே கிடக்க, தலையணை மேல் மூன்று காசை வரிசையாக அடுக்கிவிட்டு மகளோடு கிளம்பினேன்.

சாயங்காலம் வந்ததும் சோதனை போட்டேன். விரிப்பின் மூலை மடிப்பு கச்சிதம். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், தூசி இல்லை. கண்ணாடியில் கைரேகை இல்லை. நல்ல வேலைக்காரி. காசு போயிருந்தது. தேத்தண்ணித் தட்டில் ரெண்டு பிஸ்கட்டுக்குப் பதில் நாலு இருந்தது. மறுநாளும் மூன்று வைத்தேன், பிஸ்கட் ஆறானது. மூன்றாம் நாள் பிஸ்கட் குவியலோடு ஒரு வாழைப்பழமும் வந்தது. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கிறதே என்று பூரித்துப்போனேன். கட்டிலில் சாய்ந்து பழத்தை உரித்துக்கொண்டே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"டின்னை எடைக்குப் போடச் சொன்னீங்களே! டிப்ஸ் எப்படி வேலை செய்யுது பாத்தீங்களா?"

"வாழைப்பழமா குடுத்தாங்க?" என்றார். அவருக்கு எதிலும் சந்தேகம்.

அன்று இரவு மகள் வேலை முடிந்து வந்தாள். கீழே இருந்த பாரில் ஆளுக்கொரு ஆரஞ்சு ஜூஸ் குடித்தோம். மகள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், நான் ரெண்டு காசை எடுத்து மேசையில் டொக்கென்று வைத்தேன். பார்க்காரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தபடி என் பக்கமே தள்ளிவிட்டு மகளிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"அம்மா, இது எங்கம்மா கிடைச்சது? வட்டக் காச நிறுத்தி ரொம்ப வருஷமாச்சும்மா. கடையில யாரும் வாங்க மாட்டாங்க. இப்போ பன்னெண்டு பக்கம் வச்ச காசுதான்." தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். நான் டின் கதையைச் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது செத்த காசை மூன்று நாளாக அடுக்கி அடுக்கி வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக யாரைத் திட்டினேனோ அவர்கள் செய்ததையே செய்துவிட்டு, துரைசாணி நடை வேறு நடந்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. நானாக இருந்தால் இந்நேரம் அந்த அறையில் துண்டே இருந்திருக்காது.

மறுநாள் நான் வெளியே போகவில்லை. பத்துப் பவுண்டு நோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வராந்தாவில் தள்ளுவண்டி வரும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டி உள்ளே வந்தது, கானா நாட்டுப் பெண் ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் "குட் மார்னிங், ஆண்ட்டி" என்றாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். காசு செல்லாது என்று தெரியாது, மன்னிச்சுக்கோ, மலேசியாவில் நானும் இதே வேலைதான் செய்கிறேன் என்று சொல்லி நோட்டை நீட்டினேன்.

"செல்லாதுன்னு முதல் நாளே எனக்குத் தெரியும், ஆண்ட்டி" என்றாள்.

"தெரிஞ்சுமா அவ்வளவு பிஸ்கட் வச்சே?"

அவள் பழைய விரிப்பை உருவினாள். நான் விடவில்லை. மறுபடியும் கேட்டேன்.

"உங்ககிட்ட வேற காசே இல்லையோன்னு நினைச்சேன், ஆண்ட்டி. காலையில சாப்பிடுறீங்களோ இல்லையோன்னு கவலையா இருந்தது. அந்த வாழைப்பழம், மத்தியானத்துக்கு நான் கொண்டுவந்தது."

நோட்டை அவள் சட்டைப் பையில் திணித்தேன். புது விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் சேர்ந்துதான் படுக்கையைப் போட்டோம். கண் கலங்கியிருந்ததில் என் பக்கத்து மடிப்பு கோணலாகிவிட்டது. அவள் சுற்றி வந்து, அதைப் பிரித்துத் திரும்ப மடித்தாள்.