கதவுக்குக் கீழே பிடிக்கும் துரு

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில், அரிசி ஆலையைத் தாண்டியதும் ஜெகதீசனின் தகரக் கொட்டகை. அடிபட்ட வண்டிகளை நிமிர்த்திப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூட வேன், புளியமரத்தில் மோதிய கல்யாணக் கார் எல்லாம் வரும், சரியாகிப் போகும். ஒன்று மட்டும் போகாமல் கொட்டகையின் பின்பாதியில் நிற்கிறது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத, அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். மானாம்பதி நிலக்காரர் ஒருவரின் மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. டிராக்டருக்குப் பெயிண்ட் அடிக்கப் போன ஜெகதீசன், அதைக் கேட்டு வாங்கி, அதே டிராக்டரில் கட்டி இழுத்துவந்தார். தாழ்வாகவும் நீளமாகவும் இருந்ததால் ஊரில் அதற்குப் படகு என்று பெயர்.

அவருக்கும் மகன் அரவிந்தனுக்கும் நடுவில் வந்து நின்றது அந்தப் படகுதான். படகை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் வாட்டர் வாஷ் வைக்கலாம் என்றான் மகன். அப்பா மாட்டேன் என்றார். மாதக்கணக்கில் நடந்த பேச்சு ஒரு நாள் முற்றியது.

"இந்த ஓட்டைய ஒட்டிக்கினே உக்காந்திரு. என்னிக்காவது இது ஓடுச்சின்னா சொல்லியனுப்பு. நானே வந்து உன்னப் பக்கத்துல உக்கார வெச்சி ஓட்டறேன்."

சொல்லிவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனவன் அதன்பிறகு ஊருக்கு வரவேயில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் செய்வான். அப்பாவோடு பேசுவதில்லை. அவன் சொன்னது குத்தல் என்று கேட்ட யாருக்கும் தெரியும். ஜெகதீசன் மட்டும் அதை வாக்காக எடுத்துக்கொண்டார். வண்டி ஓடினால் மகன் வருவான். அவருக்கு இருந்த கணக்கு இது ஒன்றுதான்.

நான் அடுத்த வீட்டுக்காரி. பல ஊர்களில் வேலை பார்த்து, பல ஊர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். எந்த வீட்டிலும் அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாமல் இருந்த நாட்களில் அந்தக் கொட்டகைதான் எனக்குத் தோதாக இருந்தது. எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து, பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசிய இடத்தை வழவழப்பாகத் தேய்க்கிற வேலையை ஜெகதீசன் மாமா எனக்குக் கொடுத்தார்.

அவர் மனைவி உண்ணாமலை அத்தை காலையில் நாஷ்டா கொண்டுவரும்போதெல்லாம் என்னையே பார்ப்பார்.

"எங்கெங்கயோ போன. நீ வந்துட்ட பாரு சுபா. அவனுக்கு மட்டும் வயி தெரியாமலா கீது?"

"தேய்க்கறவளப் போட்டுத் தேய்க்காத. இட்லிய வெச்சிட்டுப் போ" என்பார் மாமா.

நான் திரும்பி வருவதற்கு முன்பே மாமா அந்த வண்டியை இரண்டு முறை முடித்திருந்தார். துருப்பிடித்த தகரத்தை வெட்டி எறிந்து, புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடு, பட்டி, பிரைமர், அதன்மேல் நல்ல சிவப்பு. இரண்டு முறையும் ஒரு மழைக்காலத்துக்குள் கதவுகளுக்குக் கீழே கொப்புளம் கிளம்பியது. அங்கே இருப்பது, வண்டியின் நீளத்துக்கு இரண்டு பக்கமும் ஓடுகிற, உள்ளே வெற்றிடமான தகரப் பெட்டி. கூரையில்லாத வண்டியின் எடையெல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் நிற்கிறது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்க, அங்கே மட்டும் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்தது.

போர்வெல் தண்ணீரில் இருக்கிற உப்புதான் காரணம் என்று மாமா முடிவு செய்தார். தேய்க்கவும் கழுவவும் கேன் தண்ணீர் வரவழைத்தார். எதிரில் டீக்கடை வைத்திருக்கும் எல்லப்பன் அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா நைனா, படகுக்கு மினரல் வாட்டரா? நாங்கல்லாம் ஏரித் தண்ணிலதான் குளிக்கிறோம்."

"நீ துருப் புடிச்சா உன் பொண்டாட்டி பாத்துக்குவா. இத்த நான்தானே பாக்கணும்."

மூன்றாவது முறை செய்தபோது, உள்ளே துருப்பிடிக்காமலிருக்கப் பெட்டிக்குள் எண்ணெய் ஊற்றுவதற்காகக் கதவோரத்தில், மிதியடிக்கு அடியில், சின்ன ஓட்டைகள் போட்டு ரப்பர் மூடி வைத்திருந்தார். இந்தத் தடவை தப்பாது என்றார். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து இன்ஜினையும் எழுப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பெயிண்ட் அடித்த அன்று தூசி எழாமலிருக்கத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மாமா அந்த வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, வெளியே ஓட்டிப்போய்ப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பலாம் என்று பேசி வைத்திருந்தோம்.

பூஜைக்கு முன்பே கொப்புளம் வந்துவிட்டது. வலது கதவுக்குக் கீழே, மிளகு அளவுக்கு. மாமா கட்டைவிரலால் அழுத்தினார். அழுந்தியது. ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். தகரத்துக்குள் அது கேக்கில் இறங்குவதுபோல் இறங்கியது. கட்டரை எடுத்துப் பெட்டியை நீளவாக்கில் திறந்தார். நான் போன் வெளிச்சத்தைக் காட்டினேன்.

உள்ளே, எண்ணெய் ஊற்றுகிற ஓட்டைக்கு நேர் கீழே, சின்னச்சின்ன முடிச்சுகள் கிடந்தன. மஞ்சள் துணி, துருவேறிப் பழுப்பாகியிருந்தது. ஒன்றை வெளியே எடுத்தார். ஈரம் சொட்டியது. பிரித்தபோது பாதி கரைந்த கல் உப்பும் இரண்டு காய்ந்த மிளகாயும். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு துணியின் ஓரத்தைத் திருப்பினார். உண்ணாமலை அத்தையின் பழைய புடவைக் கரை.

இடது பக்கத்தையும் திறந்தார். அங்கேயும் அப்படியே. பெட்டியோடு சேரும் அடிச்சட்டமும் ஊறிப்போய், விரலால் கிள்ளினால் ஏடு ஏடாக வந்தது. பற்றவைக்கப் பிடிப்பு எதுவும் மிச்சமில்லை.

அப்போதுதான் அத்தை சாப்பாட்டுத் தூக்குடன் உள்ளே வந்தார். மாமா அந்த முடிச்சுகளைக் காலால் சாக்குக்கு அடியில் தள்ளினார்.

"மறுபடியுமா?" என்றார் அத்தை. தூக்கைக் கீழே வைக்கவில்லை.

"மய ஈரம்."

"ஈரமாவது ஒண்ணாவது. கண்ணு பட்டுக்கீது. ரோட்ல போற பஸ்ஸு கூட நின்னு பாக்குது இத்த." என் பக்கம் திரும்பினார். "அம்மாவாசைக்கு அம்மாவாசை உப்பு சுத்திக் கட்டிப் போட்டுக்கினுதான் கீறேன் சுபா. ஓரிக்க ஊரு பக்கத்துல குறி சொல்ற அம்மா சொல்லிச்சி, யார் கண்ணும் படாத எடத்துல போடுன்னு. மூடியத் தொறந்து உள்ளயே போட்டேன். அதையும் மீறி எவன் கண்ணுதான் பட்டுச்சோ."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கட்டரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"உன் உப்பு இல்லன்னா எப்பவோ போயிருக்கும்" என்றார்.

அத்தையின் முகம் சற்றுத் தெளிந்தது. "சூடு ஆறிடும், சாப்பிடுங்க" என்று தூக்கை வைத்துவிட்டுப் போனார்.

அவர் அரிசி ஆலையைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, "சொல்லியிருக்கலாமே மாமா" என்றேன்.

"இன்னான்னு? புள்ளயத் தொரத்துனவன் நானு. அந்தப் பாவத்த நான் சொமக்கறேன். வரவிடாமப் பண்ணவ நீன்னு அவளுக்கு ஒரு மூட்டயத் தூக்கி வைக்கணுமா?"

"அப்ப வண்டி?"

"சும்மா நிறுத்தி வெச்சா நிக்கும். ரெண்டு பேரு ஏறி உக்காந்தா நடுவுல மடங்கிடும்."

அதற்குமேல் அவர் செய்ததை நான் உடன் இருந்து செய்தேன். துருவின்மேல் மெல்லிய தகரத்தை மடித்து ஒட்டினார். பட்டியை அப்பினார். தன் தொழிலில் எந்த வேலையை யார் செய்தாலும் கெட்ட வார்த்தையில் திட்டுவாரோ, அந்த வேலையை நிதானமாக, அழகாகச் செய்தார். மேலே சிவப்பு அடித்தபோது வெட்டிய சுவடே தெரியவில்லை. எண்ணெய் ஓட்டைகளின் ரப்பர் மூடிகளைத் துடைத்து அதனதன் இடத்தில் பொருத்தினார்.

ஆயுத பூஜையன்று கொட்டகைக்குள்ளேயே இன்ஜினை ஓடவிட்டு, நான் அத்தையின் போனில் வீடியோ எடுத்தேன். வண்டிக்குச் சந்தனமும் மாலையும். அத்தை பூசணிக்காய் உடைத்தார். "ஓடுதுடா" என்று மட்டும் மாமா கேமராவைப் பார்த்துச் சொன்னார். பல வருடங்களுக்குப் பிறகு மகனுக்கு அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். உள்ளே போய் உட்காரவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார்.

வீடியோ போய்ச் சேர்ந்தது. பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது. சாயங்காலம் பதில் வந்தது. கட்டைவிரல் தூக்கிய மஞ்சள் கை ஒன்று. வேறு எதுவும் இல்லை. அத்தை அதை என்னிடம் காட்டி, "இதுக்கு வரேன்னு அர்த்தமா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தபோது அத்தையும் நானும் கொட்டகையில் இருந்தோம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அத்தை பேசுவார். மாமா எமரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேய்க்காமல் நின்றார்.

"வண்டி சூப்பரா கீதும்மா. அப்பாவ ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு."

"எப்படா வர? ஓடுனா வந்து அப்பாவ உக்கார வெச்சி ஓட்டறேன்னியே."

மறுமுனையில் யாரோ இந்தியில் கூப்பிடுவது கேட்டது.

"நானா? நான் எப்பம்மா சொன்னேன்?" அவன் குரலில் கோபமில்லை, நிஜமாகவே யோசித்தான். "ஞாபகமே இல்ல. இங்க லீவு கெடைக்கறதே பேஜாரா கீது. பாக்கலாம்மா. வெச்சிடறேன்."

மாமா எமரியைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டார். வேறு யாருடைய வேன் கதவோ காத்திருந்தது. அதனிடம் போனார்.

"மறந்துட்டுக்கீறான்" என்றார் அத்தை, போனை முந்தானையில் துடைத்துக்கொண்டே. "கண்ணு பட்டா மறதி வரும். ஞாபகம் வரும், பாரு."

அடுத்த அமாவாசையன்று அவர் குளித்துவிட்டு, மஞ்சள் துணியில் புதிதாகக் கட்டிய உப்போடு கொட்டகைக்கு வந்தார். வண்டியை மூன்று முறை சுற்றினார். குனிய முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேனிலிருந்து எழுந்து வந்த மாமா, கதவைத் திறந்து, மண்டியிட்டு, ரப்பர் மூடியைத் தன் கையாலேயே கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.