வேலிக்காத்தானில் குத்தியிருந்த ஓணான்

கீச்சான் என்றொரு பறவை. கைக்குள் அடங்கிவிடும். ஆனால் வெட்டுக்கிளி, ஓணான் குஞ்சு என்று பிடித்து முள்ளில் குத்திவைத்துக் கிழித்துத் தின்னும். இதைத்தான் ஆராய்கிறேன் என்றால் என் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வடக்கே வெகுதூரத்திலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. ஒருமுறை வந்த பறவையே மறுவருஷமும் அதே புதருக்கு வருகிறதா என்பதுதான் என் கேள்வி. அரியாங்குப்பத்துக் காலிமனை ஒன்றில், வேலிக்காத்தான் புதரில் இருந்த கீச்சானைப் பிடித்து, காலில் சிவப்பு வளையம் மாட்டி விட்டிருந்தேன். புதர் போனால் எல்லாம் போச்சு.

ஒருநாள் காலை முதலியார்பேட்டையிலிருந்து பாலம் தாண்டிப் போய்ப் பார்த்தால், புதருக்கு முன்னால் ஜேசிபி நிற்கிறது. மனை பக்கத்து இட்லிக்கடை அக்காவுடையது. முள்ளில் தொங்கிய ஓணானைக் காட்டினார்.

“செய்வினை வச்சிருக்காம்மா. வேற யாரு, எதிர்வூட்டுல இருக்காளே என் ஓரகத்தி, அவதான். மனைத் தகராறுலேருந்து அவகூடப் பேச்சே இல்ல.”

“அக்கா, இது குருவி பண்ற வேலை.”

“குருவி குத்தி வைக்குமா? யாருகிட்ட கதை வுடுற?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். டிரைவர் டீ குடிக்கப் போனார். நாங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நல்லவேளை, கீச்சான் என்னைக் கைவிடவில்லை. ஒரு வெட்டுக்கிளியோடு வந்து, எங்கள் கண்ணெதிரே அதை முள்ளில் இழுத்துக் குத்தியது.

அக்கா எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“அவள எம்மாந் திட்டு திட்டியிருக்கேன்” என்றார். ஜேசிபியைத் திருப்பி அனுப்பினார்.

கோடையில் அங்கே வீடு கட்டியபோதும் அந்த மூலையை விட்டு மதிலை வளைத்துக் கட்டினார். முள்ளுக்குப் போய் இடம் விடுகிறாரே என்று கொத்தனார் கேலி செய்தாராம். என் ஆராய்ச்சிக்கு எத்தனையோ பேர் உதவியிருக்கிறார்கள். அந்த மதிலை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

இந்தப் புரட்டாசியில், பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“உன் குருவி வந்துடுச்சும்மா. வளையம் இருக்குதா இல்லையான்னுதான் என் கண்ணுக்குத் தெரியல.”

“குடுக்கா, நான் சொல்றேன்” என்று பின்னால் இன்னொரு குரல். “இருக்குதும்மா. செவப்பு. எடது காலு.”

யாரென்று கேட்டேன்.

“நான்தாம்மா, எதிர்வூட்டு ஓரகத்தி.”

வண்டியை ஓரம்கட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். போனில் இருவரும் இடது காலா வலது காலா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.