தெரு முக்கு வரைக்கும்

எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். விசுவாசமுள்ள பெண் தைரியமாக வாழ்வது எப்படி என்பது தலைப்பு. "நீங்கதான் பேசணும் சிஸ்டர், ஊரையே எதுத்து நின்னவங்க நீங்க" என்று செயலாளர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிப்போனது. மைக்கைப் பிடித்துப் பேசி முடித்தால் கைதட்டுவார்கள், அப்புறம் சுண்டலும் டீயும் கொடுப்பார்கள். அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு என்னால் சுண்டல் தின்ன முடியாது.

என் கணவர் கிறிஸ்தவர் இல்லை. புதூர் பக்கத்துக் கிராமத்தில் ஆடு வளர்க்கிற குடும்பம். கோவில்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டினார். நான் குளத்தூர்க்காரி, உப்பளத்தில் வேலை பார்த்தவரின் மகள், தொட்டிலிலிருந்தே சபைக்குப் போகிறவள். அதே கோவில்பட்டியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். விரும்பிக் கட்டிக்கொண்டோம். பிள்ளை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் சர்ச் வாசலில் இறக்கிவிடுவார். உள்ளே வரமாட்டார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். "உள்ள வந்தா எங்கம்மா செத்துருவா. வெளிய இருந்தா ஒங்க சாமி கோவிச்சுக்கிடுமாக்கும்?" என்பார். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "என்ன டீச்சரம்மா, இன்னிக்குப் பிரசங்கம் ரொம்ப நீளமோ? ரெண்டு டீ ஆயிட்டு" என்று வண்டியைக் கிளப்புவார். உள்ளே பாடிய பாட்டை வழியெல்லாம் முனகிக்கொண்டே வருவார், ராகம் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம். நான் திருத்தினால் இன்னும் சத்தமாகப் பாடுவார். மழையோ வெயிலோ, எனக்காகக் காத்திராத ஞாயிறு ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், உர மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் ஊருக்குக் கொண்டுபோனோம். கல்லறைத் தோட்டத்தில் இடம் தாருங்கள் என்று நான் யாரிடமும் போய் நிற்கவில்லை. அவர் அவருடைய ஆட்களோடு இருக்க வேண்டியவர். நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள், சங்கு ஊதினார்கள். எதையும் நான் தடுக்கவில்லை. என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். குழி வரைக்கும் அவரோடு போக வேண்டும், ஒரு பிடி மண் போட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயமே இல்லை. அம்மாவை அடக்கம் செய்தபோது பெண்கள் எல்லோரும் கல்லறை வரைக்கும் போனோம். ஆளுக்கொரு பிடி மணல் போட்டோம். விரல் இடுக்கில் சரசரவென்று இறங்கி விழுந்தது. மண்ணுக்கு மண்ணாக ஒப்புக்கொடுப்பது என்பது கையால் செய்கிற காரியம் எங்களுக்கு. அவர் ஊரில் பெண்கள் தெரு முக்கு வரைக்கும்தான். பாடை அதைத் தாண்டிப் போன பிறகு அழுதுவிட்டுத் திரும்பி வந்து குளிக்க வேண்டும். அதற்கு அப்பால் ஆண்கள் மட்டும் போவார்கள்.

எங்கள் போதகர் ஒரு மாலையோடு வந்திருந்தார். அவரிடம் கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "வேண்டாம்மா, ஊர்ப் பிரச்சினை ஆயிரும். வீட்ல இருந்தே ஜெபம் பண்ணுவோம்" என்றார். அவரும் பயப்படுவார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பாடையைத் தூக்கினார்கள். மழை விட்டிருந்தது, வானம் இன்னும் இறங்கித்தான் கிடந்தது. தெரு முக்கில் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். மார்பில் அடித்துக்கொண்டு கீழே விழுந்தார்கள். என் மாமியார் தரையில் சரிந்தவள், நான் நிற்காததைப் பார்த்ததும் என் சேலை நுனியைப் பிடித்தாள்.

"ஏட்டி, எங்கன போற? போவாதட்டி!"

கொழுந்தன் தோளில் பாடையோடு திரும்பினார். "மதினி, அங்கனயே நில்லுங்க. பொம்பள வர்ற எடமா இது?" என்று சத்தம் போட்டார். இன்னொருவர், "வேதக்காரப் புத்திய இங்கன காட்டுதாளே" என்றார். கிறிஸ்தவர்களுக்கு அங்கே அதுதான் பேர்.

எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. கர்த்தர் தைரியம் கொடுத்தார் என்று செயலாளர் அம்மா எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அப்போது கர்த்தர் நினைவு இல்லை, டீக்கடை வாசல்தான் நினைவில் இருந்தது.

"எனக்காக வாரா வாரம் வாசல்ல காத்துக் கெடந்தாவ" என்றேன். "நான் அவியள முக்குல விட்டுட்டுத் திரும்ப மாட்டேன்." மாமியாரின் விரல்களைச் சேலையிலிருந்து எடுத்துவிட்டு நடந்தேன்.

என்னைப் பிடித்து நிறுத்த அங்கே யாருக்கும் கை காலியாக இல்லை என்பதுதான் உண்மை. கரிசல் மண் நனைந்தால் காலை விடாது. பாடை தூக்கியவர்கள் வழுக்கி வழுக்கிப் போனார்கள், மற்றவர்கள் அவர்களைத் தாங்கிக்கொண்டு போனார்கள். என் செருப்பில் மண் அப்பி இரும்பாகக் கனத்தது. உதறிவிட்டு வெறுங்காலோடு போனேன். பின்னால் வந்த ஒரு பெரியவர், "விடுங்கடே, மழ வந்துரும். அந்தப் பிள்ள விழுந்துறாம பாத்துக்கிடுங்க" என்றார். அதற்கப்புறம் யாரும் என்னைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை.

குழியின் அடியில் தண்ணீர் ஊறிக் கிடந்தது. வாளியால் மொண்டு ஊற்றினார்கள், மறுபடியும் ஊறியது. அப்படியே இறக்கினார்கள். ஆண்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டு முடிக்கும்வரை நின்றிருந்து, நானும் ஒரு பிடி அள்ளினேன். மனதுக்குள்ளேயே ஜெபம் சொல்லி, கையை நீட்டி விட்டேன்.

விழவில்லை. கரிசல் உள்ளங்கையிலேயே அப்பிக்கொண்டது. உதறினேன், ஒரு துணுக்குத்தான் விழுந்தது. மறுபடியும் உதறினேன். மண்கூட என்னைவிட்டுப் போகாதபோது இந்த மனுஷன் மட்டும் எப்படிப் போனார் என்று நினைத்ததும் அடிவயிற்றிலிருந்து சத்தம் கிளம்பியது. அதுவரை நான் அழவில்லை.

திரும்பி வந்தபோது பெண்கள் எல்லோரும் குளித்து ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாசலில் வாளித் தண்ணீர் வைத்திருந்தார்கள். கையைக் கழுவக் குனிந்தேன்.

"ஏட்டி, இரு" என்றாள் மாமியார்.

எழுந்து வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். சுற்றிலும் பார்த்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்: "எங்கன வச்சிருக்காவ?"

"ஓடைக்கு மேல அத்தை. உடமரத்துக்குப் பக்கத்துல."

"தல எந்தப் பக்கம்?"

சொன்னேன். அவளுடைய புருஷன் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அவர் எந்த இடத்தில் கிடக்கிறார் என்று அவள் பார்த்ததில்லை. அன்றைக்கும் அதே முக்கில்தான் நின்றிருக்கிறாள். ஆண்கள் யாரும் வந்து சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லை.

"குழி ஈரமாவா இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஈரந்தான் அத்தை" என்றேன்.

கழுவாத என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் காய்ந்துகொண்டிருந்த மண்ணைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள்.

"அவனுக்கு ஈரம் ஆவாதேட்டி" என்றாள். "சின்னப் பிள்ளையிலயே சளி பிடிச்சிக்கிடும்."