தறியை நிறுத்திய தாகம்

எனக்குக் கோபம் மூக்கின்மேலேயே உட்கார்ந்திருந்த காலம் அது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் நான்கு குடித்தனங்கள் இருந்த ஒரு நீள வீட்டில் வாசலை ஒட்டிய பகுதி எங்களுடையது. கிணறும் கழிப்பிடமும் கொல்லைக்கோடியில். அங்கே போய்வர மற்ற மூன்று குடித்தனங்களையும் தாண்ட வேண்டும். தாண்டும்போது மூன்று இடத்தில் இன்று என்ன குழம்பு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்போது நினைத்தால் அந்த விசாரிப்புகூட வேண்டும்போல ஏக்கமாக இருக்கிறது.

நாங்கள் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நான் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வேன். வலது கரைக்கான நாடாவை, ஊடுநூல் வைத்த அந்தக் கட்டையை, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் தள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது என் மனைவி. ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நின்றுவிடும். அதனால் தறிக்காரர்கள் யாரும் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டோம். காலையில் குழியில் இறங்கினால் மதியச் சோற்றுக்குத்தான் ஏறுவது. எனக்கு அதில் பெருமை வேறு.

அவள் தென்னேரிப் பெண். ஏரியைப் பார்த்து வளர்ந்தவள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பாள். குடித்தால் எழுந்து போகத்தானே வேண்டும்? மாசிமாதக் கல்யாணப் புடவை ஒன்று அவசரமாக ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அவள் மூன்றாவது முறை எழுந்தாள்.

“மறுபடியுமா? கிணத்தையே குடிச்சிட்டு வந்து உக்காந்தியா? இப்படி ஏந்துக்கினே இருந்தா பொடவை பேரப்புள்ள கல்யாணத்துக்குத்தான் ஆவும்” என்றேன், நான்கு குடித்தனமும் கேட்கும்படி.

அவள் போய்விட்டு வந்து நாடாவை எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நான் அதைக் கவனித்துச் சந்தோஷப்பட்டேன். “இப்பத்தான் தறிக்குப் பழகிட்டா” என்று அடுத்த குடித்தனத்தில் சொல்லிக்கூடக் காட்டினேன். அடப்பாவி என்று இன்றைக்கு என்னையே திட்டிக்கொள்கிறேன்.

உடம்பைப் பற்றி எங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. அமாவாசையன்று தறி ஓடாது. அன்று காலை சுடச்சுடக் காப்பியில் விளக்கெண்ணெய் கலந்து எல்லோரும் குடித்துவிடுவோம். மத்தியானம்வரை கொல்லைப்பக்கம் வரிசைதான், அதில் ஒரே சிரிப்பும் கிண்டலும். அப்புறம் மிளகு ரசம், சுட்ட அப்பளம். ஒரு மாதத்து அழுக்கும் போய்விட்டது, மறு அமாவாசைவரை கவலையில்லை என்று நினைப்பு.

இரண்டு மாதம் போயிருக்கும். அவளுக்கு இடுப்புக்கு மேலே வலி, குளிர் ஜுரம். வயிற்றில் அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று நானே தீர்ப்புச் சொன்னேன். அந்த அமாவாசைக்கு அவளுக்கு மட்டும் எண்ணெயை இரட்டிப்பாக ஊற்றினேன். பகல் முழுவதும் போய்ப்போய் வந்தவள் சாயங்காலம் கிணற்றடியில் சுருண்டு விழுந்தாள். சைக்கிள் ரிக்‌ஷாவில் மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏம்பா, உன் சம்சாரம் ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கறா?”

எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க என் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பவள், எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் கிடந்தவள்தான் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: “எனக்குத் தாகமே எடுக்கறதில்லீங்கம்மா.”

ஏரிக்கரைப் பெண்ணுக்குத் தாகம் எடுக்கவில்லையாம். என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அந்த நிலையிலும் ஒரு பொய்.

டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டு விசாரித்தார். தறி, அமாவாசை எண்ணெய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். “உடம்புல சேர்ற அழுக்க உடம்பே தெனம் கழுவிக்கும்பா. சிறுநீரகம் அதுக்குத்தான் இருக்குது. நீங்க தண்ணியும் குடுக்காம, வர்றதையும் அடக்கி வச்சுட்டு, மாசத்துக்கு ஒரு நாள் வயித்தக் கலக்கினா ஆச்சா? இருக்கற தண்ணியும் போயிடுச்சு. இப்ப சிறுநீரே எறங்கல. எறங்கினாத்தான் பொழைப்பா” என்றார்.

இரண்டு நாள் ஊசியும் குளுக்கோஸும் ஏறின. வராந்தாவில் உட்கார்ந்தபடி வேண்டாத தெய்வமில்லை. மூன்றாம் நாள் காலை நர்ஸம்மா வந்து, “ஒண்ணுக்கு நல்லா போயிட்டாங்கப்பா” என்றார். நான் அழுதுவிட்டேன். எத்தனையோ பட்டுப்புடவை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து இறக்கியிருக்கிறேன், அந்தச் சந்தோஷம் எதிலும் வந்ததில்லை.

வீடு திரும்பியதும் எங்கள் நாள் மாறியது. தறிப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. பதினொரு மணிக்கு நீர்மோர், மத்தியானம் ஒரு கீரை. அடுத்த குடித்தனத்துச் சமணக் குடும்பம் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பதைக் கேலி செய்துகொண்டிருந்த நான், அவர்களைப் பார்த்து விளக்கு வைக்குமுன் சாப்பிடப் பழகினேன். சாப்பிட்டதும் இருவரும் ஓரிக்கைப் பக்கம் கொஞ்சதூரம் நடப்போம். பாலாற்றுக் காற்று வரும். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குமுன் தூங்கியதில்லை. விளக்கெண்ணெய் சீசா மாடத்தில் தூசி படிந்து கிடந்தது.

ஆனால் அவள் மட்டும் எழுந்திருக்க மாட்டாள். “போய்ட்டு வாம்மா” என்றால், “இந்தக் கட்டம் முடியட்டுங்க” என்பாள். எனக்குப் பயமாக இருந்தது. டாக்டரம்மா இன்னொரு முறை தாங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் எனக்கு வேண்டாதபோதும் நானே குழியிலிருந்து ஏறிப் போய்க் கிணற்றடியில் சும்மா நிற்பேன். தறி நின்றிருக்கிற அந்த நேரத்தில் மட்டும் அவள் போய்வருவாள்.

நாலைந்து மாதம் இப்படியே போனது. ஒரு நாள் முந்தானை ஓடிக்கொண்டிருந்தது. கை நல்ல வேகத்தில் இருந்தது. திடீரென்று அவள் நாடாவைத் துணிமேல் வைத்துவிட்டு எழுந்தாள். நேரே கொல்லைக்கு நடந்தாள். நான் தறிப் பலகையைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குமுன், நான் திட்டாத நாட்களில்கூட, ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.