றோஸ்மலரக்காவும் பராகுவேச் சிங்கமும்

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் நாங்கள் வேலை செய்த கொடி தைக்கும் பட்டறையில், றோஸ்மலரக்காவின் வாயிலிருந்து 'ஏலாது' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. எந்த நாட்டுக் கொடியென்றாலும் படத்தைப் பார்ப்பார், நூலைக் கோர்ப்பார், தைப்பார். புருஷன் முதுகு நோவோடு வீட்டில். அக்காவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

1989 வசந்தத்தில் பராகுவே நாட்டுக் கொடி ஒன்றுக்கு ஓடர் வந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம். உலகத்தில் இல்லாத வழக்கமாக முன்பக்கம் ஒரு சின்னம், பின்பக்கம் வேறொன்று. முன்பக்கத்து நட்சத்திரத்தை முடித்துவிட்டு அக்கா மற்றப் படத்தைப் பார்த்தார். சிங்கம்.

"இதை நான் தைக்கமாட்டன்."

எண்பத்து மூன்று கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் அவருடைய வீட்டை எரிக்க வந்தவர்களின் லொறியில், வாள் பிடித்த சிங்கம் உள்ள இலங்கைக் கொடி கட்டியிருந்தது. அது தெரிந்தும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அக்கா, இது வாள் பிடிக்கேல்லை. குந்தியெல்லே இருக்கு."

"குந்தினாலும் சிங்கம் சிங்கந்தான்."

முதலாளி டெனிசுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது! பின்னேரத்துக்குள் சிங்கம் வராவிட்டால் நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்லை என்றார். அக்கா கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் தைத்துக் கொடுக்கலாமென்றால், என் கைக்குச் சிங்கம் பூனையாகத்தான் வரும்.

அந்த நேரம் பார்த்து, கொடிக்குச் சொல்லியிருந்த பராகுவே அம்மா வேலையைப் பார்க்க வந்தார். விஷயத்தைக் கேட்டுக் கோபிக்கவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, எங்களுடையதைப் போன்ற உடைந்த ஆங்கிலத்தில் பேசினார். அவருடைய தம்பியைக் கொண்டுபோன பொலிஸ் நிலையத்திலும் இதே கொடிதான் பறந்ததாம். பல வருஷம் அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லையாம். இந்த மாசியில்தான் அந்த நாட்டுச் சர்வாதிகாரியைத் துரத்தினார்கள்.

"சிங்கம் அவனுடையதல்ல, எங்களுடையது" என்றார். "சிங்கத்துக்குப் பின்னால் கம்பத்தில் இருப்பது விடுதலையின் தொப்பி. அதைத்தான் இது காவல் காக்கிறது."

அக்கா கோட்டைக் கழற்றினார். பின்னேரம் சிங்கம் பிடரி மயிரோடு வந்து குந்தியது.

கொடியை வாங்கிக்கொண்டு அந்த அம்மா அக்காவைக் கட்டிப்பிடித்தார். வெள்ளிக்கிழமை விமானமாம். முப்பது வருஷத்துக்குப் பிறகு நாட்டுக்குப் போகிறார். அக்கா சிரித்தபடி வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். மெஷினுக்கு முன்னால் இருந்ததும் என் பக்கம் திரும்பி அழத் தொடங்கினார்.

"சிங்கம் தைச்சது நோகேல்லை, மரியமலர். அவ வீட்டை போறாவெல்லே, அதுதான் நோகுது."