ஒரு பல் உயரம்

பல் டாக்டர்கள் அவருக்கு வைத்த பெயர் கச்சிதம். அவர் செய்த பல்செட் எதுவும் இடிக்கிறது, கழல்கிறது என்று திரும்பி வந்ததில்லை. நல்ல பெயர்தான். ஆனால் அந்தப் பெயரால், பல்செட் செய்யும் அவருடைய லேபை ஈ காக்கா எட்டிப் பார்ப்பதில்லை. பல் சரியாக உட்கார்ந்துவிட்டால் செய்தவனை யார் தேடுவார்கள்? மாடி அறையில் அவரும் ரேடியோவும் அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகளும்தான். இத்தனை வாய் இருந்தும் பேச்சுத் துணைக்கு ஒன்று ஆகுமா, கொடுமையே!

ஒரு திங்கட்கிழமை, ஒரு டாக்டரிடமிருந்து புதிதாக வந்த வாய் அச்சை ஆர்ட்டிகுலேட்டரில் பூட்டினார். மனுஷத் தாடை திறந்து மூடுவதை அப்படியே செய்துகாட்டும் இரும்புக் கருவி அது. மூடியவுடன் கை நின்றுவிட்டது. கீழ்வரிசை மேல்வரிசையைத் தாண்டி முன்னால் வந்து நின்றது, அவருடைய வாயைப் போலவே. மேல் கோரைப்பல்லில் மூலை உடைந்திருந்தது. சின்ன வயதில், சோடா மூடியைக் கடித்தே திறக்கிறேன் பார் என்று வீம்புக்கு உடைத்துக்கொண்ட பல். அக்கா!

அம்மா இறந்த வீட்டில், கடைசிவரை பார்த்துக்கொண்டது யார் என்று இருவருக்கும் சண்டை. அதோடு பேச்சு நின்றது. இரண்டு பேருமே பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். பஸ் ஏறினால் பத்து நிமிஷத்தில் அக்கா வீடு. போகத்தான் கால் வரவில்லை.

அவளைப் பார்க்க வேண்டும், ஆனால் அவளே வர வேண்டும். கச்சிதத்துக்குத் தோன்றக் கூடாத வழி ஒன்று தோன்றியது. அவளுக்கு விழுந்துபோன கடைவாய்ப்பற்களுக்காகச் செய்த பல்செட்டில் ஒரு பல்லை மட்டும் மயிரிழை உயரமாக விட்டார். கடிபடும் இடத்தில் மை பதிக்கும் நீலக் காகிதத்தை இடையில் வைத்து மூடிப் பார்த்தார். மற்ற பற்களில் லேசான புள்ளி, அதில் மட்டும் கெட்டியான திட்டு. கடித்தால் இடிக்கும். டாக்டருக்கு ராவிச் சரிசெய்யப் பொறுமை கிடையாது, லேபுக்கே போங்க என்று அனுப்பிவிடுவார்.

பல்செட் போனது. படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தண்ணீர் கேன்காரர் வந்தார். மின்சாரக் கணக்கு எடுப்பவர் வந்தார். அக்கா மட்டும் வரவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு டாக்டருக்குப் போன் செய்தார்.

"அந்த அம்மாவா? நேத்துகூட வந்தாங்களே! நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. உங்க வேலையில குறை வருமா?"

கச்சிதம் போனை வைத்தார். செருப்பு கடித்தால்கூட யாரிடமும் சொல்லாமல் நடக்கிற பிறவி அவள். வலிக்க வலிக்க மென்றுகொண்டிருப்பாள். "பாவி, நான் பாவி" என்று வாய்விட்டே சொன்னார். ராவும் கருவியையும் நீலக் காகிதத்தையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

கதவைத் திறந்த அக்காவின் ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"இடிக்குதாக்கா?"

அவள் அவரையும் பையையும் பார்த்தாள். "உன் கைவேலையா? அதான் இந்தப் பாடு படுத்துது. உள்ள வா."

ராவினார். கடிக்கச் சொன்னார். மறுபடி ராவினார். ஒருவழியாக இரண்டு பக்கமும் புள்ளிகள் ஒரே அளவாக விழுந்தன. வேலை முடிந்தது. இனி அங்கே இருக்க அவருக்கு ஒரு சாக்கும் இல்லை. பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் இடிக்குதுடா" என்றாள் அக்கா.

அவர் காகிதம் பதித்த புள்ளிகளை மறுபடி பார்த்தார். எங்கேயும் இடிக்க வழியே இல்லை.

"ஆமாக்கா, இடிக்குது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது ஒரு நாள்ல ஆகிற வேலை இல்ல. நாளைக்கும் வரேன்."