மூவாயிரம் பவுண்டுக் காத்து

பாண்டீஸ்வரிக்குக் காத்து என்றால் அத்துப்படி. புருசன் ஜீப் ஓட்டப் போய்விட, கூடலூரில் பஞ்சர் கடையைப் பதினோரு வருசம் பார்த்தவள் அவள்தான். சைக்கிளா, நாற்பது பவுண்டு. ஜீப்பா, முப்பது. லாரியா, நூறு. டயரைத் தட்டியே அளவு சொல்லிவிடுவாள். அதைக் கேள்விப்பட்டுத்தான் 2009-ல் குமுளிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

அங்கே பெயின்ட்பால் என்று ஒரு விளையாட்டு. காசைக் கொட்டிக் கொடுத்து, சாயக் குண்டால் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொள்வார்கள். கொழுப்பைப் பாருங்கள்! அந்தத் துப்பாக்கிக்கு மருந்து கிடையாது, காத்துதான். மேனேஜர் ஞானதுரை சுரைக்காய் அளவு டாங்கி ஒன்றை அவள் கையில் வைத்தார்.

"இதுல எத்தனை பவுண்டு சார்?"

"மூவாயிரம்."

ஆத்தாடி! லாரி டயரைப் போல முப்பது மடங்கு. தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல அதைக் கீழே வைத்தாள்.

அதைவிட அதிசயம் டாங்கி வாயில் இருந்த ரெகுலேட்டர். உள்ளே மூவாயிரம் முட்டினாலும் வெளியே எண்ணூறுக்கு மேல் விடாது. எண்ணூறு ஆனதும் தானே அடைத்துக்கொள்ளும், ஒரு குண்டு சுட்டதும் தானே திறக்கும். வாய்க்கால் மடைக்குக்கூட ஆள் நின்று திறந்து அடைக்கணும். இத்தனூண்டு ஸ்பிரிங்கும் பிஸ்டனுமா இவ்வளவு செய்யுது என்று ஒரு வாரம் அவளுக்கு மலைப்பு அடங்கவில்லை.

பெரிய சிலிண்டரில் ஹோஸ் மாட்டி டாங்கிகளை நிரப்புவது அவள் வேலை. வால்வை மயிரிழை மயிரிழையாகத்தான் திறப்பாள்.

"ஏக்கா, உலை கொதிக்கவா காத்திருக்க?" என்பான் துப்பாக்கி எடுத்துக் கொடுக்கும் திலீபன். "பொம்பள கையில மூவாயிரம் பவுண்டு. வெளங்கிரும்!"

ஆயுத பூஜை வந்தது. பஞ்சர் கடையில் அன்றைக்கு ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றையும் துடைத்து, நல்லெண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைப்பது அவள் வழக்கம். இத்தனை வலு உள்ள டாங்கிகளைச் சும்மா விடுவாளா? பத்தையும் துடைத்தாள். துருப்பிடிக்காமல் இருக்கட்டுமென்று, காத்து ஏறும் நிப்பிளில் ஆளுக்கொரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் காலையிலேயே மதுரையிலிருந்து நாற்பது பேர் வந்து இறங்கிவிட்டார்கள். முதல் டாங்கியை வயிற்றோடு அணைத்துப் பிடித்து நிரப்பினாள். பாதியில் 'டிக்'கென்று ஒரு சத்தம். ரப்பர் வளையம் உட்காருது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவதில் ஹோஸ் மாட்டும்போது விரலில் எண்ணெய் பிசுக்கென்று ஒட்டியது. பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ராஜமணி அண்ணன் ஓயாமல் சொல்வது ஞாபகம் வந்தது: 'எண்ணெக் கையோட ஆக்சிஜன் சிலிண்டரத் தொட்டா, தொட்டவன் சாம்பல்.'

அது ஆக்சிஜன், இது வெறுங்காத்துதானே? வால்வில் கை வைத்தாள். கை திருகவில்லை. வெறுங்காத்திலும் ஆக்சிஜன் இருக்கே! காத்தை இருநூறு மடங்கு இறுக்கி அடைத்தால் அதுவும் சேர்ந்துதானே இறுகிக் கிடக்கும்?

வாயை மூடிக்கொண்டு துடைத்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். நேராக ஞானதுரையிடம் போனாள்.

"சார், இன்னைக்கு ஆட்டம் வேணாம். டாங்கிக்குள்ள எண்ணெ போயிருச்சு."

"யாரு விட்டது?"

"நான்தான்."

திலீபன் வாய்விட்டுச் சிரித்தான். நாற்பது பேரைத் திருப்பி அனுப்பணுமே, ஞானதுரைக்கு முகம் கறுத்துப்போனது. "காத்து ரூம் சாவிய வச்சிட்டுப் போம்மா. மெக்கானிக் வந்து பாக்கட்டும்."

தன் வாயாலேயே வேலையைத் தொலைத்தேனே என்று இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கொச்சியிலிருந்து மெக்கானிக் வந்தார். அவளையும் கூப்பிட்டுவிட்டார்கள். நிரப்பி வைத்திருந்த அந்த ஒரு டாங்கியின் காத்தை இறக்கிவிட்டு நிப்பிளைக் கழற்றினார். ரப்பர் வளையம் கருகி, சுற்றிலும் கரி அப்பிக் கிடந்தது.

"எண்டம்மோ!" என்றார். "உள்ள தீப்பிடிச்சு அணைஞ்சிருக்கு. வால்வ வேகமா தொறந்திருந்தா காத்து சூடேறி மொத்த எண்ணெயும் வெடிச்சிருக்கும், ஆளே இல்ல. யாரு இத்தன மெல்லத் தொறந்தது?"

எல்லோரும் பாண்டீஸ்வரியைப் பார்த்தார்கள். திலீபன் சிரிக்கவில்லை. ஞானதுரை மேசை மேல் சாவியை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் கை சாவிக்குப் போகவில்லை, வயிற்றுக்குப் போனது.

"இங்கன அணச்சுத்தான் சார் பிடிச்சிருந்தேன்," என்றாள்.